தலைசுற்றா, ஆட்டமா? கப்பலை விட்டு இன்னும் இறங்காத ஒருத்தி

2025 பெப்ரவரி 28, மாலை
(லிந்துலைக்காரன் கேட்டது)

இன்றைக்கு அரிய நோய்கள் நாளாம், எல்லாரும் பதிவு போடுகிறார்கள். ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். எங்கள் தோட்டத்தில் பொம்பளைகள் பாதிப்பேர் தலைசுற்று என்கிறார்கள். காலையில் வெறும் சாயத்தண்ணியைக் குடித்துவிட்டு மலைக்கு ஏறினால் சுற்றாமல் என்ன செய்யும்? ரத்தம் குறைவு, அவ்வளவுதான். இரும்புச்சத்து மாத்திரையும் நேரத்துக்குச் சாப்பாடும் கொடுத்தால் தீர்கிற காரியத்துக்கு ஏன் வாயில் நுழையாத பெயரெல்லாம்?

2025 பெப்ரவரி 28, இரவு

லிந்துலை அண்ணே, பாதி சரி. ரத்தம் குறைந்தால் கண் இருட்டும், குந்தியிருந்து எழும்பினால் விழப்பார்க்கும். என் அம்மா கொழுந்து பறித்த காலம் முழுக்க அதோடுதான் ஓட்டினாள். நான் இருப்பது மீதிப் பாதியில். எனக்கு ரத்தம் சரி, பிரஷர் சரி, சீனி சரி, காது சரி, மூளை ஸ்கேனும் சரி. எல்லாம் சரியாக இருக்கிற ஒருத்தி ஆறாவது மாதமாக ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கிறேன். சுற்றவில்லை, ஆடுகிறேன். இதை எழுதும்போதும்.

பெயர் வாயில் நுழையாதது உண்மைதான். மால் டி டெபார்க்மான். பிரெஞ்சாம். கப்பலை விட்டு இறங்கினதால் வருகிற சுகயீனம் என்று அர்த்தம். அர்த்தம் தெரிந்தபிறகு எனக்கு அந்தப் பெயர் மேல் கோபமில்லை.

2025 மார்ச் 1

நேற்றுத் தூக்கக் கலக்கத்தில் பாதியில் விட்டேன். முதலிலிருந்து சொல்கிறேன்.

பெரியம்மா குடும்பம் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில், அதாவது மலையகத் தமிழர்களில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்ப 1964இல் போட்ட ஒப்பந்தத்தில், இந்தியா போனவர்கள். கூடலூரில் இருக்கிறார்கள், தாயகம் திரும்பினவர்களுக்கென்று தமிழ்நாட்டு அரசு போட்ட தேயிலைத் தோட்டத்தில். இங்கேயும் கொழுந்து, அங்கேயும் கொழுந்து, நடுவில் கடல் மட்டும்தான் வித்தியாசம். 2024 ஆகஸ்ட் 16 காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் கப்பல் மறுபடி ஓடத் தொடங்கியது. அம்மா அக்காவைப் பார்க்காமல் செத்துவிடுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள், செப்டெம்பரில் போனோம். ஏறக்குறைய நாலு மணித்தியாலப் பயணம். கப்பலைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அம்மா வாந்தி எடுத்தாள், நான் எடுக்கவில்லை. எனக்கு ஒன்றும் செய்யாது என்று பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது காங்கேசன்துறையில் இறங்கி, வேன், அப்புறம் கண்டிக்கு பஸ், கண்டியிலிருந்து ஹட்டன், ஹட்டனிலிருந்து தலவாக்கலை. வீட்டுக்கு வந்து செத்த பிணமாகத் தூங்கினேன். மறுநாள் காலையில் பீலியில் முகம் கழுவக் கண்ணை மூடினேன், நிலம் என்னைத் தூக்கிப் போட்டது. பக்கத்தில் நின்றவளின் குடத்தைப் பிடித்துக்கொண்டேன். குடம் உடைந்தது. அந்தக் குடத்துக்கு இன்னும் காசு கொடுக்கவில்லை.

பெரிதாகப் பயப்படவில்லை. கடலில் போய் வந்தால் ஒன்றிரண்டு நாள் அப்படி இருக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள், அது நிஜமும்தான். யாருக்கும் வரலாம், தானாகப் போய்விடும். எனக்குப் போகவில்லை.

2025 மார்ச் 2

எப்படி இருக்கும் என்று கம்பளையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்.

சுவர் சுற்றாது, கூரை சுற்றாது, கண்ணால் பார்க்கிற எதுவும் அசையாது. அசைவது நான்தான். முன்னும் பின்னும், சில நாள் பக்கவாட்டில், சில நாள் மேலும் கீழும். ரப்பர் மெத்தையில் நடப்பது மாதிரி, லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் பலகை போட்டுக் கால்வாய் தாண்டுகிறோமே அந்தப் பலகை மாதிரி. உட்கார்ந்தாலும் ஆடும், படுத்தாலும் ஆடும். நடப்பதைவிட நிற்பது கொடுமை. அதனால்தான் பேங்கில் வரிசையில் நிற்கும்போது நான் ஒரே இடத்தில் கால் மாற்றி மாற்றி நிற்பேன், முன்னால் இருப்பவர் திரும்பித் திரும்பிப் பார்ப்பார். ஒரு வினாடிக்கு ஐந்து ஆட்டம், எண்ணிப் பார்த்தேன்.

நான் முன்பள்ளி டீச்சர். பிள்ளைகளை வட்டமாக நிற்க வைத்துப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கும்போது ஒரு பொடியன் சொன்னான், "டீச்சர், நீங்க காத்துல ஆடுறீங்க." மற்றவர்கள் யாருக்கும் தெரியவில்லை. அவனுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

2025 மார்ச் 3

திருத்தம். ஒரு வினாடிக்கு ஐந்து இல்லை, ஐந்து வினாடிக்கு ஒன்று. வினாடிக்கு ஐந்து ஆட்டம் என்றால் அது தையல் மிஷின், நான் மனுஷி. சுட்டிக்காட்டின ஹட்டன் தம்பிக்கு வணக்கம். நிமிடத்துக்குப் பன்னிரண்டு என்று வையுங்கள். எனக்கு மட்டும் இல்லை, இந்த நோய்க்காரர்கள் பலருக்கும் ஆட்டம் இந்த வேகத்தை ஒட்டித்தான் இருக்கிறதாம். நடுக்கடலில் கப்பல் அசைகிற வேகம்.

2025 மார்ச் 5

யார் யாரிடம் போனாய் என்று கேட்கிறீர்கள். பெரிய ஊர்வலம் அது.

முதலில் தோட்டத்து டிஸ்பென்சரி. தலைசுத்துது என்றேன். மூன்று நாளுக்கு மாத்திரை. அப்புறம் டவுனில் ஒரு டொக்டர். தலைசுத்துது என்றேன். பிரஷர் பார்த்தார், சின்னரிசின் எழுதினார். அப்புறம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கிளினிக். விடியற்காலை நாலு மணிக்குப் புறப்பட்டு, நம்பர் துண்டு எடுத்து, பதினொரு மணிக்கு உள்ளே போனால் மூன்று நிமிடம். தலைசுத்துது என்றேன். பீட்டாஹிஸ்டின். காதுப் பரிசோதனை, ரத்தம், கடைசியில் ஸ்கேன். ஒவ்வொரு ரிப்போர்ட்டும் நல்லது என்று வரும்போது வீட்டில் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள், நான் அழுதேன். ஒருவர் என் முகத்தைப் பார்க்காமலே "வீட்டுல பிரச்சினையா, கல்யாணம் ஆகலையா" என்று கேட்டார். 43 வயதுப் பொம்பளை ஆடினால் முதலில் தேடுவது தாலியைத்தான்.

நடுவில் அம்மா பூசாரியையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் வெற்றிலையில் மை பார்த்து, ஸ்டோர் (தேயிலை ஃபெக்டரி) பக்கம் பொழுது சாய்ந்து நடந்திருக்கிறாள், அங்கே மிஷினைக் காக்கிற ரோதமுனியின் பார்வை என்றார். சரி, ரோதை சுற்றுகிற சாமி, நான் சுற்றவில்லையே ஆடுகிறேன், வேறு சாமியாக இருக்குமோ என்று கேட்டேன். அம்மா முறைத்தாள். கயிறு கட்டிக்கொண்டேன். கயிறு இன்னும் கையில் இருக்கிறது, கழற்ற மனம் வரவில்லை.

கடைசியில் பிடித்தது ஓர் இளம் டொக்டர், பயிற்சிக்கு வந்தவர் போல இருந்தார். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "பஸ்ஸில் வரும்போது எப்படி இருந்தது?" நான் சொன்னேன், பஸ்ஸில் ஒன்றும் இல்லை, பஸ்ஸில் நான் சுகம். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இதுக்கு முன்னால கப்பல்ல எங்கேயும் போனீங்களா?"

2025 மார்ச் 6

நேற்று எழுதினதைப் படித்துப் பார்த்தேன். டொக்டர்மாரைத் திட்டின மாதிரி இருக்கிறது. யோசித்தால் தப்பு என் பக்கமும் உண்டு. எல்லாரிடமும் நான் சொன்னது ஒரே சொல், தலைசுத்துது. சுற்றுகிறது என்று சொன்னால் அவர்கள் சுற்றுவதற்குத்தான் மருந்து தருவார்கள். நம் வாயில் அந்த ஒரு சொல்தானே இருக்கிறது. பசிக்கும் தலைசுத்து, வெயிலுக்கும் தலைசுத்து, கடன்காரன் வந்தாலும் தலைசுத்து.

தாலி கேட்டவரைத் திட்டினதை மட்டும் திரும்பப் பெறவில்லை.

2025 மார்ச் 9

லிந்துலை அண்ணன் நம்பவில்லை, பஸ்ஸில் எப்படி நன்றாக இருக்கும் என்கிறார். அண்ணே, நம்புகிற மாதிரி ஒரு ரகசியம் சொல்கிறேன்.

தலவாக்கலையிலிருந்து நுவரெலியா பஸ். லிந்துலை தாண்டி நானுஓயாவுக்கு ஏறுகிற வளைவுகளில் ஊரே தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, மடியில் ஷொப்பிங் பேக், ஒரு கையில் தேசிக்காய். நான் ஜன்னல் சீட்டில் ராணி மாதிரி. இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் உடம்புக்குள் யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி ஆட்டம் நின்றுவிடும். வளைவு கூடக் கூடச் சுகம். பஸ் நின்று ஆள் ஏற்றும்போது லேசாகத் திரும்பி வரும், ஓடினால் போய்விடும். இறங்கின பிறகுதான் வட்டியோடு வரும்.

அதனால் சில சனிக்கிழமை எனக்கு நுவரெலியாவில் ஒரு வேலையும் இருக்காது, ஆனால் டிக்கெட் எடுப்பேன். போய், பஸ் ஸ்டாண்டில் ஒரு பிளேன்டி குடித்து, அதே பஸ்ஸில் திரும்புவேன். கண்டக்டர் முதலில் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார், எவனையோ பார்க்கப் போகிறாள் என்று நினைத்திருப்பார். இப்போது கேட்பதில்லை.

இது என் கிறுக்கு இல்லை. தலைச்சுற்று, சமநிலைக் கோளாறு பற்றி உலகம் முழுக்க ஆராய்கிற பாரனி சங்கம் 2020இல் இந்த நோய்க்கு வரையறை வெளியிட்டது. அதில் இதுவும் ஓர் அடையாளம்: வண்டியில் போனால் தற்காலிகமாகக் குறைய வேண்டும். மற்றவை, பயணம் முடிந்து 48 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும், 48 மணித்தியாலத்துக்கு மேல் நீடிக்க வேண்டும், சுற்றலாக இல்லாமல் ஆட்டமாக இருக்க வேண்டும், நாளின் பெரும்பகுதி இருக்க வேண்டும். ஒரு மாதம் தாண்டினால் நிலைத்தது என்று கணக்கு. ரத்தத்திலோ ஸ்கேனிலோ காட்டாது. சொல்கிற கதையை வைத்துத்தான் பிடிக்க வேண்டும், அதனால்தான் கதையை ஒழுங்காகச் சொல்ல வேண்டும்.

எனக்கு ஏன் வீட்டுக்கு வந்து மறுநாள்தான் தெரிந்தது என்பதும் இப்போது புரிகிறது. காங்கேசன்துறையிலிருந்து தலவாக்கலை வரைக்கும் வண்டி மாறி வண்டியில்தானே இருந்தேன்.

2025 மார்ச் 10

"அப்ப நீங்க டிரைவர் வேலைக்குப் போகலாமே." யாரது. இறங்கவேண்டாத டிரைவர் வேலை இருந்தால் சொல்லுங்கள்.

2025 மார்ச் 23

மூன்று நாள் பனிமூட்டம், கைநீட்டினால் கை தெரியாது. படி இறங்கி முன்பள்ளிக்குப் போக இருபது நிமிடம் ஆனது. வழக்கமாக ஐந்து.

உடம்பு நிற்பது மூன்று பேரை நம்பி. கண், உள்காது, பாதம். உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் தலை திரும்புவதைச் சொல்லும், கூடவே சுண்ணாம்பு மணிகள் உட்கார்ந்த இரண்டு சிறு பைகள் சாய்வையும் ஏற்ற இறக்கத்தையும் சொல்லும். மூன்று பேரும் சொல்வதை மூளை சேர்த்துப் பார்க்கிறது. எனக்குக் காது கெடவில்லை. கப்பலில் இருந்த நாலு மணித்தியாலத்தில் மூளை அந்த ஆட்டத்துக்கு ஒரு எதிர்க்கணக்குப் போட்டுப் பழகிக்கொண்டது, இறங்கினபிறகும் கணக்கை அழிக்கவில்லை, இப்படித்தான் அந்த இளம் டொக்டர் விளக்கினார். பனி மூடினால் கண் என்கிற சாட்சி போய்விடுகிறது, அப்போது பழைய கணக்குக்குக் கொண்டாட்டம். கண்ணை மூடி முகம் கழுவுவது, கரண்ட் போன ராத்திரி கக்கூசுக்குப் போவது, எல்லாம் இதே கதை. கைவிரல் ஒன்று சுவரில் தொட்டிருந்தால் போதும், பாதி ஆட்டம் அடங்கும். பிடிக்கக்கூட வேண்டாம், தொட்டால் போதும்.

பாரனி யார் என்று கேட்டவருக்கு: ராபர்ட் பாரனி, காது டொக்டர். காதில் குளிர்ந்த தண்ணீரும் சூடான தண்ணீரும் விட்டுக் கண் எந்தப் பக்கம் துடிக்கிறது என்று பார்த்துச் சமநிலையைச் சோதிக்கிற முறை அவர் வகுத்தது. 1914க்கான நோபல் பரிசு. பரிசு அறிவிக்கும்போது மனுஷன் ரஷ்யாவில் போர்க்கைதி. எனக்கும் அந்தத் தண்ணீர்ச் சோதனை செய்தார்கள். பத்து நோபல் கொடுத்தாலும் இன்னொரு தடவை படுக்க மாட்டேன்.

2025 ஏப்ரல் 17

வருடப்பிறப்பு முடிந்தது. கோவிலில் சப்பரம் தூக்கினார்கள். அது ஆடி ஆடி வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றதில் எனக்கு இரண்டு நாள் படுக்கை. சாமி ஆடினால் அருள், நான் ஆடினால் ஓய்வு.

2025 மே 8

மோசமான வாரம். தூக்கம் இல்லை, மழை, மாதத்தில் வருகிற அதுவும் சேர்ந்தது. ஆட்டம் பத்துக்கு எட்டு. போன் திரையை உருட்டினாலே வயிற்றைப் புரட்டுகிறது. கேள்விகளுக்கு அப்புறம் பதில்.

2025 மே 19

ஐந்தில் இருக்கிறேன், எழுதலாம்.

நிறையப் பேர் கேட்கிற கேள்வி, என்ன மாத்திரை எடுக்கிறாய். எழுத மாட்டேன். ஒருத்தியின் மருந்துத் துண்டைக் காட்டி இன்னொருத்தி பார்மசியில் வாங்குகிற ஊர் இது. பொதுவாக ஒன்று மட்டும்: பயணத்துக்கு முன்னால் போடுகிற வாந்தி மாத்திரைகள் இதற்கு உதவுவதில்லை. உதவுகிற சில மருந்துகள் பழக்கமாகிவிடக்கூடியவை, டொக்டர் அளந்துதான் தருவார். இன்னொன்று, சின்னரிசினை வருடக்கணக்கில் போடுகிறவர்கள், அதுவும் வயதானவர்கள், டொக்டரிடம் ஒருமுறை பேசுங்கள். நீண்ட நாள் எடுத்தால் கை நடுக்கம், நடை இறுகிப்போவது மாதிரி பார்கின்சன் போலத் தோன்றுகிற தொல்லை வரலாம். தலைசுற்றுக்கு என்று தொடங்கி நிறுத்தச் சொல்ல ஆளில்லாமல் அம்மாவின் டப்பாவிலும் அது மூன்று அட்டை இருந்தது. கிளினிக் கொப்பியோடு கூட்டிப்போய்க் காட்டி நிறுத்தினோம்.

2025 ஜூன் 14

நியூயோர்க் கதை. யாரோ வட்ஸ்அப்பில் அனுப்பின வீடியோ பற்றிக் கேட்டிருக்கிறீர்கள்.

அங்கே மவுன்ட் சைனாய் ஆஸ்பத்திரியில் மிங்ஜியா டாய், பெர்னார்ட் கோஹன் என்கிறவர்கள் 2014இல் ஒரு சிகிச்சையை வெளியிட்டார்கள். நோயாளியை உட்கார வைத்து, சுற்றிலும் கோடு கோடாக ஒரு திரை மெதுவாகச் சுழலும், அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தலையை இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்கும் அவரவர் ஆட்டத்தின் வேகத்துக்கே சாய்ப்பார்கள். கப்பல் மூளைக்குப் பழக்கினதை எதிர்ப்பக்கமாகப் பழக்கி அழிக்கிற யோசனை. 24 பேரில் 17 பேருக்கு நல்ல பலன். படித்த அன்றைக்கு நான் தூங்கவில்லை.

மறுநாள் என்ன செய்தேன் தெரியுமா, கோடு போட்ட படுக்கை விரிப்பைக் கொடியில் கட்டி, அண்ணன் மகனை இழுத்துக்கொண்டு நடக்கச் சொல்லி, நான் முக்காலியில் உட்கார்ந்து தலையை ஆட்டினேன். கோடு எந்தப் பக்கம் ஓடவேண்டும், என்ன வேகம் என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், பக்கம் மாறினால் கூடவும் செய்யலாம். எனக்குக் கூடினது. இஸ்தோப்பில் நின்று பார்த்த அம்மா ஒரு வார்த்தை பேசாமல் விரிப்பை அவிழ்த்து மடித்து வைத்தாள். வீட்டில் செய்யாதீர்கள், அவ்வளவுதான்.

2025 ஜூன் 15

"செலவு பண்ணி நியூயோர்க் போனாலும் திரும்ப பிளேன்ல வரணுமே, அக்கா." அதேதான் தம்பி. அந்தச் சந்தேகம் அங்கே போய் வந்தவர்களுக்கும் இருக்கிறதாம், திரும்புகிற பயணத்தில் மறுபடி வந்துவிடுமோ என்று. நான் விமான டிக்கெட் விலையைப் பார்த்ததுமே அந்தப் பயம் எனக்குப் போய்விட்டது.

2025 ஜூலை 6

டிஸ்பென்சரியில் ஓர் அட்டை மாட்டியிருக்கிறேன். காலண்டர் பின்பக்கம், முன்பள்ளி மார்க்கர். டிஸ்பென்சரி ஐயா முதலில் தயங்கினார், அப்புறம் நான் எழுதினதில் இரண்டு இடம் திருத்தி அவரே ஆணியும் அடித்துக் கொடுத்தார்.

அட்டையில் நோயின் பெயரே இல்லை, வேண்டுமென்றேதான். இவ்வளவுதான் எழுதினேன்: தலைசுத்துது என்று மட்டும் சொல்லாதே. சுத்துதா, ஆடுதா, கண் இருட்டுதா என்று சொல். எவ்வளவு நேரம், ஒரு நிமிஷமா, நாள் முழுக்கவா என்று சொல். எப்போது வரும், படுக்கையில் புரளும்போதா, எழும்பி நிற்கும்போதா, காது இரைச்சலோடா என்று சொல். பஸ்ஸில் போனால் கூடுதா குறையுதா என்று சொல். கீழே சிவப்பில், திடீரென்று தலைசுற்றி வாய் கோணினால், பேச்சு குழறினால், பார்வை இரண்டாகத் தெரிந்தால், ஒரு பக்கம் கைகால் விழுந்தால், எதையும் யோசிக்காமல் 1990 நம்பருக்கு அடித்து ஆம்புலன்ஸைக் கூப்பிடு.

லிந்துலை அண்ணே, உங்களுக்காக ரத்தக்குறைவையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன். கண் இருட்டுது என்றால் அது.

2025 ஜூலை 27

அட்டை வேலை செய்தது. ஆனால் எப்படி என்று கேளுங்கள்.

நாலாம் நம்பர் லயத்து அக்கா ஒருத்தி, ஆறேழு மாதமாகச் சுற்று. மலைக்குப் போவாள், குனிந்து நிமிர்ந்தால் உலகமே புரண்டுவிடும், கூடையோடு உட்கார்ந்துவிடுவாள், கொழுந்து நிறை வராது, அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். கங்காணி வாயில் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும். அட்டையைப் படித்துவிட்டு டொக்டரிடம் போய் ஒப்பித்திருக்கிறாள்: சுத்துது, ஒரு நிமிஷம்கூட இல்லை, வலது பக்கம் புரண்டு படுத்தா வருது. டொக்டர் அவளைக் கட்டிலில் படுக்க வைத்துத் தலையை ஒரு பக்கம் திருப்பினார், கண் துடித்ததாம். அப்படியே நாலு தடவை தலையைத் திருப்பித் திருப்பி உட்கார வைத்தார். முடிந்தது. உள்காது மணி இடம் மாறிக் குழாய்க்குள் போயிருந்திருக்கிறது, அதை உருட்டித் திரும்ப அதன் பைக்குள் விட்டுவிட்டார். ஜோன் எப்லி என்கிற அமெரிக்க டொக்டர் கண்டுபிடித்த முறை. மாத்திரை இல்லை, ஊசி இல்லை. எல்லாருக்கும் ஒரே தடவையில் போகாதாம், சிலருக்கு மறுபடியும் வருமாம். இவளுக்கு ஒரே தடவையில் போய்விட்டது.

அவள் எனக்கு ஒரு பை பீன்ஸ் கொண்டுவந்து கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் சிரித்தேன். அவள் போனபிறகு பீன்ஸை உரிக்காமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். என் நோயைச் சொல்ல மாட்டின அட்டையில் அவள் நோய் போய்விட்டது. சந்தோஷம்தான். வயிற்றெரிச்சலும்தான். இரண்டையும் எழுதிவிடுகிறேன், மறைத்து என்ன.

2025 ஜூலை 28

வயிற்றெரிச்சல் என்று எழுதினதற்கு மூன்று பேர் புத்தி சொல்லியிருக்கிறீர்கள். பீன்ஸ் நேற்று ராத்திரியே சாப்பிட்டாயிற்று, நன்றாக இருந்தது.

2025 ஆகஸ்ட் 10

இது கொஞ்சம் விலகல், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவிடம் இந்த நோயை விளக்க மாதக்கணக்காக முயற்சி செய்கிறேன். மூளை என்றால் பைத்தியம் என்று நினைத்துப் பயப்படுகிறாள். காது என்றால் எண்ணெய் காய்ச்சி விட வருகிறாள். தொட்டிலில் கிடக்கிற மாதிரியா என்று கேட்டாள் ஒருநாள். இல்லை, தொட்டில் சுகம், இது அப்படி இல்லை என்றேன். அப்புறம் நேற்று அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டே, அவள் அப்பாயி சொன்ன கதையைச் சொன்னாள். தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்தபோது மண்டபம் முகாமில் பத்து நாளுக்கு மேல் அடைத்து வைத்து, அப்புறம் தனுஷ்கோடியில் கப்பல் ஏற்றித் தலைமன்னாரில் இறக்கினார்களாம். அது சின்னத் தூரம்தான். ஆனால் அப்பாயி இறங்கினபிறகும் மூன்று நாளாக ரயிலிலும் லயத்திலும் ஆடிக்கொண்டே இருந்தாளாம். கூட வந்தவர்கள் கேலி பண்ணினார்களாம், "இவ ஒடம்பு எறங்கிருச்சு, உசுரு இன்னும் கப்பல்லயே நிக்குது."

"ஒனக்கும் அதானே," என்றாள் அம்மா. "நீ இன்னும் எறங்கல."

அதைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் பெயராக வைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். அவர்களுக்கு யார் சொன்னது என்று கேட்டாள்.

அப்பாயிக்கு மூன்று நாளில் போய்விட்டதால் அவளுடையது என் நோய் இல்லை என்று சிலர் சொல்லக்கூடும். வரையறைப்படி 48 மணித்தியாலம் தாண்டிவிட்டாள், ஆனால் ஒரு மாதத்துக்குள் தீர்ந்துவிட்டது, அதுவும் ஒரு வகைதான், கடந்துபோகிற வகை. ஆனால் அவள் ரயிலிலும் ஆடினாள் என்பது இடிக்கிறது, ரயிலில் குறைந்திருக்க வேண்டுமே. நூறு வருடக் கதை, வாய் மாறி வந்தது. விட்டுவிடுகிறேன்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. 2012இல் யூன்-ஹீ சா என்கிற டொக்டர் குழுவினர் இந்த நோயாளிகளின் மூளையைப் படம் எடுத்தபோது என்டோரைனல் என்கிற பகுதி அளவுக்கு மீறி வேலை செய்வது தெரிந்தது. இடத்தையும் வழியையும் நினைவில் வைக்கிற வேலையில் பங்குள்ள பகுதி அது. அம்மாவிடம் இதைச் சொன்னபோது, மறக்க மாட்டேங்குது, அவ்வளவுதானே என்றாள். அவ்வளவுதான்.

2025 செப்டெம்பர் 3

அட்டை மேல் டெங்கு போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். டிஸ்பென்சரி ஐயா லீவில். டெங்குவை நான் கழற்றவும் முடியாது. பக்கத்துச் சுவரில் புதிதாக ஒன்று மாட்டினேன், இந்தத் தடவை எழுத்துப் பெரிது, நாலாம் நம்பர் அக்கா மார்க்கர் பிடித்தாள்.

2025 செப்டெம்பர் 20

இந்த வாரம் சமநிலை விழிப்புணர்வு வாரமாம், வெளிநாடுகளில் செப்டெம்பரில் வைப்பார்கள். எனக்கு ஆட்டம் தொடங்கி ஒரு வருடமும் ஆயிற்று. லிந்துலை அண்ணன் நேற்று எழுதியிருந்தார், அவர் தங்கச்சிக்கு ரத்தம் பார்த்து, குறைவுதானாம், மருந்து தொடங்கியிருக்கிறார்கள், "ஆனால் டொக்டரிடம் கண் இருட்டுது என்றுதான் சொல்லச் சொன்னேன், சுத்துது என்று சொல்ல விடவில்லை" என்று. அண்ணே, இனி நீங்களே அட்டை எழுதலாம்.

குறைந்திருக்கிறதா என்று கேட்கிறவர்களுக்கு: பத்துக்கு நாலு, நல்ல நாளில் மூன்று. நிற்கும்போது சுவரில் ஒரு விரல். பிள்ளைகளின் பாட்டை உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கிறேன். குடத்துக்குக் காசு கொடுத்துவிட்டேன்.

இன்றைக்குச் சனிக்கிழமை. நுவரெலியா பஸ்ஸுக்கு நிற்கிறேன். அம்மாவும் வருகிறாள். ஒரு வேலையும் இல்லாமல் காசைக் கொட்டிப் போய்வருகிறாயே, அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். நானுஓயா ஏற்றத்தில் அவளுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். கையில் இரண்டு ஷொப்பிங் பேக், ஒரு தேசிக்காய், கழுத்தில் துவாய். ஜன்னல் சீட்டை இன்றைக்கு அவளுக்குத்தான் கொடுக்க வேண்டும்.

பஸ் வருகிறது.